காய்ச்சலுக்குப் போன ஊர்

— டேய் நொரிஹிக்கோ, இப்படி டீ ரூமுக்குள்ள வா. கதவைச் சாத்து. காய்ச்சல் எப்படி இருக்கு?

— பரவாயில்ல ஃபூமியே அக்கா. இன்னிக்குத்தான் தலை நிக்குது.

— மூணு நாளும் படுத்த படுக்கை?

— ஆமாக்கா. வெறும் கஞ்சி.

— அப்ப என் மேஜையில இந்த இனிப்பு உருண்டையை வச்சது யாரு ராசா? உறையில ‘நருக்கோ வெந்நீர் ஊற்று’ன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஒருத்தி கழுத்து வரைக்கும் தண்ணியில உக்காந்துக்கிட்டு என்னைப் பார்த்து இளிக்கிறா.

— ஐயையோ!

— இப்ப அலறு.

— சத்தியமா யோசிக்கவே இல்லக்கா. வெளியூர் போயிட்டு ஆபீசுக்கு வெறுங்கையோட எப்படி வர்றது? ஸ்டேஷன்ல கால் தானா கடைக்குள்ள போயிடுச்சு. காலையில வந்ததும் கை தானா மேஜைக்கு ஒண்ணு வச்சிடுச்சு.

— கால் தானா, கை தானா. மூளை இன்னும் வெந்நீர்லயே ஊறுதாக்கும். எல்லார் மேஜையிலயுமா வச்சே?

— எல்லார் மேஜையிலயும்.

— குரோய்வா சார் மேஜையில?

— அவருக்கு ரெண்டு.

— ரெண்டா!

— மேனேஜர் ஆச்சேன்னு ஒரு மரியாதைக்கு...

— கிழிஞ்சுது போ. இந்த மாசம்தானேடா உன் வேலையை நிரந்தரம் பண்றதா இருந்தாங்க? அதுல கையெழுத்துப் போடறதே அவருதான். நேரா லீவு கேட்டிருக்கலாம்ல?

— நீங்க கேட்டிருக்கீங்களா?

— என் கல்யாணத்துக்குக் கேட்டேன். முகூர்த்தம் முடிஞ்சு மத்தியானம் வர முடியுமான்னாரு.

— அதான் பாருங்க. எவன் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டாலும் போன்ல திட்டு எனக்குத்தான். தூக்கத்துலகூட ‘மன்னிக்கணும், மன்னிக்கணும்’னு கத்தறேன்க்கா. பக்கத்து வீட்டுக்காரர் சுவத்தைத் தட்டி, ‘மன்னிச்சாச்சு, தூங்குப்பா’ங்கிறார்.

— ஐயோ பாவம்! சிரிக்கக்கூடாதுன்னு பார்க்கிறேன், முடியல.

— சிரிங்க. போன புதன்கிழமை போன் அடிச்சப்ப என்னால எடுக்கவே முடியல. பயந்துட்டேன்க்கா. அன்னிக்கு ராத்திரியே கிளம்பிட்டேன்.

— அதை என்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கக்கூடாதா? சரி, அழாதே. சார் மீட்டிங் முடிஞ்சு வர்றதுக்குள்ள அந்த ரெண்டையும் தூக்கிட்டு வந்துடறேன். கதவைத் திற.

— எதைத் தூக்கப் போறே ஃபூமியே?

— கு... குரோய்வா சார்! ஒண்ணுமில்ல, குப்பைக்கூடையைத்தான்...

— ம். உருண்டையா இருந்தா, ரெண்டையும் தின்னாச்சு. நொரிஹிக்கோ, உறையைப் படிச்சேன்.

— சார், என்னை மன்னிக்கணும், பெரிய தப்பு, மன்னிக்கணும்...

— தலையைத் தூக்குய்யா, சுவத்துல இடிச்சுக்கப் போறே. அங்க ரூம்ல போன் இருக்கா?

— சார்?

— போன்யா. அடிக்குதா?

— இல்ல சார். போனே கிடையாது. ஆத்துச் சத்தம் மட்டும்தான்.

— ம். தூக்கம் வந்துதா?

— வந்துது சார். ரெண்டாம் நாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். எழுந்ததும் ஏன்னே தெரியல, அழுகையா வந்துது.

— சார், சின்னப் பையன் சார். இந்த ஒரு தடவை பார்த்துப் பண்ணுங்க. பையன் வேலைக்காரன். வேணும்னா என் லீவுல மூணு நாள் கழிச்சுக்குங்க, எப்படியும் நான் எடுக்கப்போறதில்ல.

— நீ சும்மா இரு. கையெழுத்தெல்லாம் காலையிலயே போட்டாச்சு. நொரிஹிக்கோ, அந்த உருண்டைப் பெட்டி எல்லாருக்கும் பத்துச்சா?

— ஒண்ணு குறைஞ்சுது சார். நான் எடுத்துக்கல.

— அப்ப பெரிய பெட்டியாத்தான் வாங்கணும். ஃபூமியே, எழுதிக்கோ. நாளையிலேர்ந்து எனக்குக் காய்ச்சல்.