உன் பெட்டி, என் பெட்டி

— கடுமாங்காய் ஊறுகாயும் போட்டுண்டாச்சா? தின்னு, ஸாதனாக்கா. என் கண்ணு முன்னாலயே தின்னு.

— ஒரு துண்டாக்கும், ஸ்நேஹா. டாக்டர் எனக்கு வேண்டாம்னு சொல்லலை.

— உனக்கு யார்தான் எதை வேண்டாம்னு சொன்னா? ஒரே வயத்துல பொறந்தோம், ரெண்டு பேருக்கும் ஒரே குடல் வியாதி. நீ கடுமாங்காய் திங்கறே. நான் கஞ்சித்தண்ணியைக் குடிச்சுட்டு பாத்ரூமுக்கு ஓடிண்டிருக்கேன்.

— இன்னிக்கும் ரத்தம் போச்சா?

— போகாம? எனக்கு நகல் மருந்துன்னா. உன் ஆத்துக்காரருக்குக் களமசேரியில கம்பெனி வேலை, அவா ஒரிஜினலே வாங்கித் தரா. என் ஆத்துக்காரர் சுதீருக்கு பஜார்ல மிளகுக்கடை. எங்களுக்கு அதே ஊசி, வேற கம்பெனி சரக்கு.

— ரெண்டும் ஒண்ணுபோல வேலை செய்யும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார், கேட்டயா.

— சொல்லுவார். ஸுப்ரியா கல்யாணத்துல பாலடைப் பிரதமன் பாயசத்தை மறுபடி கேட்டு வாங்கிண்டையே, பார்த்துண்டுதான் இருந்தேன். எனக்கு வயிறு எரிஞ்சது. அது வியாதி எரிச்சல் இல்லை.

— உன் உடம்பு இந்த மருந்தையே எதிர்க்க ஆரம்பிச்சிருக்கும்டீ. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வேற மருந்துக்கு மாத்தலாம்ங்கறார். நீ ஒத்துக்க மாட்டேங்கறே. இன்னும் தாமதிச்சா குடலை வெட்டணும், கேட்டயா.

— மாத்தவேண்டியது பெட்டியையாக்கும். ரெண்டும் உன் ஃபிரிட்ஜுலதானே இருக்கு? உன்னோடதை எனக்கு ஒரு தடவை போடு. அப்பறம் பாரு.

— பலிக்காது.

— தர மனசில்லைன்னு நேரா சொல்லேன். ஆலுவா சிவராத்திரிக்குப் போனாலும் நல்ல வளையல் உனக்கு, மிச்சம் எனக்கு. இப்போ மருந்துலயும் அதே கதை.

— ஸ்நேஹா, உனக்கு யார் ஊசி போடறா?

— நீதான். எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுத்தும். கண்ணை மூடிண்டு ஸ்லோகம் சொல்லிண்டிருப்பேன். அதுக்கென்ன இப்போ?

— ஓணத்துலேர்ந்து உனக்குப் போடறது என்னோட ஒரிஜினல். உன்னோட நகலை நான் போட்டுண்டிருக்கேன்.

— சும்மா சொல்லாதே.

— ஸ்வாமி ஸத்தியமா. நீ படற பாடு எனக்குத் தாங்கலை. சொல்லாம பண்ணினது தப்புதான். மருந்துல ஒரு குத்தமும் இல்லைடீ. நாளைக்கு டெஸ்டுக்கு வா.

— வரேன், வரேன். அதிருக்கட்டும். அப்போ ஓணத்துலேர்ந்து என் மருந்தைப் போட்டுண்டுதான் நீ இப்படிப் பளபளன்னு இருக்கயா?