இரும்பு அறையின் விதி

காவல் ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

இன்று வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நான்கு பேர் இருந்தோம். ஜன்னலோரம் ஆய்வுக்கூடத் தலைவர் நாகேந்திரன் சார். அவருக்கு எதிரே ஆராய்ச்சியாளர் ஜுவைரியா. தூணில் சாய்ந்து தரையில், கூட்டிப் பெருக்கும் உலகம்மாள். கதவருகே சோணைமுத்து ஆகிய நான், உதவியாளர். என் டப்பாவில் சோறும் கருவாடும். உப்புக் கருவாட்டில் சில நாளில் சிவப்புப் பூக்கும். எங்கள் பக்கம் அதைத் தட்டிவிட்டுச் சாப்பிடுவோம்.

எங்கள் ஆய்வுக்கூடம் மண்டபம் சாலையில், உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்தில் உயிர் தங்குமா என்று பார்ப்பது வேலை. அதற்கென்று ஓர் இரும்பு அறை உண்டு. உள்ளே செவ்வாயின் குளிர், செவ்வாயின் காற்று. மனிதன் மூச்சுவிட ஆகாது. சுத்தம் செய்த உப்பைத் தட்டுகளில் பரப்பி நான் உள்ளே வைப்பேன். போன வருடம் அதில் ஒரு சிவப்பு நுண்ணுயிர் தொண்ணூறு நாள் சாகாமல் இருந்தது. கட்டுரை வந்தது. சார், ஜுவைரியா, வெளியூர் ஆய்வாளர் ஒருவர், நான்காவது பெயர் என்னுடையது. உத்தரகோசமங்கையில் என் அய்யா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. என் பெயர் எதுவென்று கேட்டு, அந்த இடத்தில் சந்தனம் வைத்திருக்கிறார்.

சாப்பிடும்போது ஜுவைரியா சொன்னார்: "அண்ணே, கோவிச்சுக்கிறாதீக. அந்தச் செவப்பு உப்புல உள்ளதில்ல, உங்க கருவாட்டுல உள்ளது. ரெண்டையும் வச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுதான். கை கழுவாம தட்டத் தொட்டிருக்கீக."

"அப்ப செவ்வாயில ஒரு கருவாட்டுக் கடை போட்டுற வேண்டியதுதான, சோணை," என்றார் உலகம்மாள். சார் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"கட்டுரைய வாபஸ் வாங்கிருவோம்மா. எழுதி வை, கட்டுரையில பேர் உள்ள நாலு பேரும் திங்கக்கிழமை கையெழுத்துப் போடுவோம்," என்று சொல்லிவிட்டு சார் ராமநாதபுரம் கிளம்பினார். உலகம்மாள் பாத்திரம் கழுவப் போனார். ஜுவைரியா பழைய தட்டுகளை எடுக்க இரும்பு அறைக்குள் போனார்.

கதவைச் சாத்தினால் எழுபத்திரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. அந்த விதியை எழுதிக் கதவில் ஒட்டியவன் நான். 2.05க்குக் கதவு சாத்தப்பட்டது. வழக்கம்போல் வாயுக் குழாய் திறக்கப்பட்டது.

"அண்ணே, நான் உள்ள இருக்கேன்," என்று கேட்டது. குறிப்பேட்டில் 'உயிர் அடையாளம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன். 2.07, கதவில் பதினொரு தட்டல். 2.09, நான்கு. 2.12, ஒன்று. 2.30, இல்லை.

உலகம்மாள் வந்து, "பாப்பா எங்க?" என்றார். "உள்ள இருக்கு," என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அவர் வேலையாக இருக்கிறார் என்று நினைத்து உலகம்மாள் வாசல் பெருக்கப் போனார். மேசையில் இருந்த ஜுவைரியாவின் செல்போனில் 'வாப்பா' என்று மூன்று முறை வந்தது. பிறர் போனை எடுப்பது முறையில்லை.

தாழ்ப்பாள் போட்டவன் நான். குழாயைத் திறந்தவனும் நான். கோபத்தில் செய்யவில்லை. மாதிரி கெடக் கூடாது என்பதற்காகச் செய்தேன். வாபஸ் கடிதத்தில் இனி நான்கு கையெழுத்து சேராது.

தாங்கள் திங்கட்கிழமை 2.05க்கு மேல் வந்தால் போதும். முன்னதாகத் திறந்தால் எல்லாம் வீணாகிவிடும்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டேன். ஈரப் பஞ்சால் இந்த உறையை ஒட்டி, நாலு மணித் தபாலில் சேர்க்கிறேன். நாக்கால் நனைக்க மாட்டேன். நான் தொட்டு இதுவரை எதுவும் கெட்டதில்லை.