பின்னிருக்கைக்காரன்

தேநீர் நன்றாக இருக்கிறது. தேயிலைப் பையை இன்னும் ஒரு நிமிடம் ஊறவிட்டு, பிறகு பாலை ஊற்றியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். யார் எதைச் செய்தாலும், அடுத்த முறை எப்படிச் செய்யலாம் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். உங்கள் அம்மா கூட என்னிடம்தான் படித்தார் என்று நினைக்கிறேன். மூன்றாவது தடவையில் தேறினார். ரவுண்டானாவில் கொஞ்சம் தயங்குவார், மற்றபடி நல்ல கை.

வக்கீல் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். வேண்டாம். ஒரு பிழையைத் திருத்த வந்திருக்கிறேன், அவ்வளவுதான். இதோ இந்தக் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பிழை. அதற்குக் கடைசியில் வருகிறேன். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுத வசதி.

எம்லின் பிரைஸ் என் பக்கத்து வீட்டுக்காரன். வேல்ஸிலிருந்து வந்து இந்த ஆஷ்லோவில் இருபத்தேழு வருடம் தபால் கொடுத்தவன். சர்க்கரை நோய் ஐம்பத்தெட்டு வயதில் அவன் கண்ணைப் பறித்துவிட்டது. அவன் மனைவி நெஸ்டாவும் என் மனைவி டோரீனும் ஒரே பிப்ரவரியில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் அந்த இல்லத்தில், அடுத்தடுத்த அறைகளில் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்பது நாள் இடைவெளி. டோரீன்தான் முதலில்.

அந்த இல்லத்துக்கு நிதி திரட்ட, நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை ஆயிரம் மைல், இருவர் மிதிக்கும் இரட்டைச் சைக்கிளில் போகலாம் என்று யோசனை சொன்னது நான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கேயும் யாரும் எழுதவில்லை. வேலிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொன்னேன், அந்தப் பக்கம் நின்று அவன் சிரித்தான்.

"எனக்குக் கண்ணு இல்ல, உனக்கு முட்டி இல்ல. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு தேறும்" என்றான்.

அந்த ஒரு பேச்சில் ஊரே விழுந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அதையே தலைப்பாகப் போட்டது. தேநீர்க் கடைக் கண்ணாடியில் ஒட்டிய சுவரொட்டியில் 'நெஸ்டாவுக்காக எம்லின்' என்று பெரிய எழுத்து. படத்தில் முன்னிருக்கையில் இருப்பது நான்தான். குனிந்திருப்பதால் தலைக்கவசம் முகத்தை மறைத்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: என் சட்டையின் முதுகில் 'டோரீன்' என்று அச்சடிக்க வேண்டும், அந்தச் சட்டையோடு முன்னிருக்கையில் உட்கார்ந்து ஆயிரம் மைலும் நான் போக வேண்டும். என் முதுகுக்கு நேர் பின்னால் இருக்கப்போகிறவனுக்குக் கண் தெரியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் பெயர் வடக்கு முனைவரை போய்ச் சேர்ந்திருக்கும்.

அக்டோபரில் பயிற்சி தொடங்கினோம். வாரத்துக்கு மூன்று நாள், மழையானாலும். இரட்டைச் சைக்கிளில் திருப்புவது, பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவன் கையில். பின்னால் இருப்பவனுக்கு மிதிப்பது மட்டும்தான். அதனால் முன்னால் இருப்பவன் எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும். பள்ளம், இடது வளைவு, மிதிக்காதே, நிறுத்தப்போகிறேன், இப்படி. இது எனக்குப் புதிதல்ல. வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலையே அதுதான்.

ஆனால் எம்லின் கேட்கிற ஆள் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு சந்தும் அவனுக்கு மனப்பாடம். நான் "வலது வளைவு" என்பேன். முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்: "இன்னும் வரல வாத்தியாரே. சேப்பல் தாண்டணும், ஹென்ஷா வீட்டு கேட்டு தாண்டணும், அப்புறந்தான் வளைவு." பெரும்பாலும் அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல். மாணவன் மறுத்துப் பேசுகிற வண்டியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நவம்பரில் ஓடையைக் கடக்கும்போது நிறுத்து என்றேன், அவன் தன் கணக்குக்கு ஒரு மிதி கூடுதலாக மிதித்தான். இருவரும் தண்ணீரில் விழுந்தோம், என் முட்டி பிசகியது. தேநீர்க் கடைக்கு வந்ததும் அதை ஒரு கதையாகச் சொல்லி அத்தனை பேரையும் சிரிக்க வைத்தான். எனக்கும் ஒரு துண்டு கேக் வாங்கிக் கொடுத்தான்.

ஜனவரியில் வழியை மாற்றினேன். அவன் தபால் கொடுத்த எல்லைக்கு வெளியே, மேட்டுப் புல்வெளிப் பக்கம். அங்கே வீடு கிடையாது, கேட்டு கிடையாது, காற்றும் ஆடுகளும் மட்டும்தான். அங்கே அவனுக்கு என் குரலைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

அங்கேதான் முறையாகப் பயிற்சி கொடுத்தேன். வெறும் சமதரையில் நிறுத்திவிட்டு, "மூணு அடி வலது பக்கம் போ, குட்டை இருக்கு" என்பேன். குட்டை எதுவும் இருக்காது. முதலில் காலால் தடவிப் பார்த்தான். நான் திட்டவில்லை. திரும்பச் சொன்னேன். திட்டினால் மாணவன் கெட்டுப்போவான், திரும்பச் சொன்னால் படிந்துவிடுவான். பிப்ரவரியில் தடவுவதை விட்டான், "எதுக்கு?" என்று கேட்பது மட்டும் மிச்சம் இருந்தது. மார்ச்சில் அதுவும் போயிற்று. ஏப்ரலில் நான் சொல்லி முடிப்பதற்குள் கால் நகர்ந்துவிடும். முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்க்கவில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், அந்த ஏப்ரலில் நான் சந்தோஷமாக இருந்தேன். டோரீன் போன பிறகு அதுதான் முதல் தடவை.

போகிற வழியில் தெரிவதையும் சொல்லச் சொல்வான். சில நாள் ஒன்றுமே இருக்காது, வெறும் பனிமூட்டம்தான். நானாக ஒரு பறவைக் கூட்டத்தைச் சொல்வேன். நன்றி சொல்வான்.

மே முதல் ஞாயிற்றுக்கிழமை தேநீர்க் கடையில் எம்லின் என் கையைத் தேடிப் பிடித்தான். பக்கத்தில் இமோஜன் உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் சங்கத்துப் பந்தயக்காரி, முப்பது வயது, நல்ல பெண். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராய், கோச்சுக்காத. உன் முட்டிக்கு ஆயிரம் மைல் தாங்காது. டாக்டரு சொன்னத நீயே எங்கிட்ட சொன்ன. இமோஜன் முன்னால உக்காரட்டும். நீ கூடவே வேன் ஓட்டிட்டு வா. உன்ன மாதிரி வண்டி ஓட்ட யாருக்குத் தெரியும்?"

சட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"டோரீன் பேரா? வேனோட பின்கதவுல எழுதிருவோம், பெரிசா. சட்டையில போட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனிடம் கெட்ட எண்ணமே கிடையாது, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். சரி என்றேன். வியாழக்கிழமை கடைசியாக ஒரு தடவை நாமிருவரும் போய்விட்டு வரலாம் என்றேன். கண்டிப்பா என்றான்.

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் மேலே போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தேன். தேர்வுக்கு முன்னால் பாதையைப் பார்த்துவைப்பது என் வழக்கம். பழைய கல் குவாரிக்கு மேலே, பாதையோரம் ஒரு கற்சுவர் இருக்கிறது. அதற்கு எதிர்ப்பக்க வேலி குளிர்காலக் காற்றில் சாய்ந்துவிட்டது. நாங்கள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து விளிம்புவரை அளந்தேன். என் அடியில் ஒன்றேமுக்கால். எம்லின் அடி கொஞ்சம் குட்டை, ஆகவே இரண்டு.

வியாழக்கிழமை நல்ல வெயில். ஏற்றத்தில் அவன் நன்றாக மிதித்தான். மேலே போய் நிறுத்தி, சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன். அவனை வழக்கம்போல் சுவரைப் பார்க்க நிறுத்தி, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கையில் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தான்.

"உன் குரலு கேட்டாப் போதும் வாத்தியாரே, காலு தானாப் போகுது. இனிமே அந்தப் பொண்ணுகிட்டயும் இதே மாதிரி பழகணும்" என்றான்.

நான் பிளாஸ்கை மூடிச் சுவர்மேல் வைத்தேன். எட்டு மாதம். பிறகு சொன்னேன்: "குதிரை வருது. ரெண்டு அடி பின்னால போ."

குதிரை எதுவும் வரவில்லை. குளம்புச் சத்தமும் இல்லை, அவனுக்குக் காது நல்ல கூர்மை. ஆனாலும் எதற்கு என்று கேட்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் முதல் அடியை வைத்துவிட்டான். அந்த இடத்தில் நான் நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். நிறுத்து என்றால் தூக்கிய காலோடு நிற்பான், அதையும் பழக்கியிருந்தேன். நான் சொல்லவில்லை. இரண்டாவது அடியையும் அவன் சரியாக வைத்தான். கோப்பையைக் கூடச் சிந்தாமல் நேராகப் பிடித்திருந்தான்.

அதன் பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். உதவிக்குக் கூப்பிட்டேன், ஹெலிகாப்டர் வந்தது. மரண விசாரணையில், பார்வையற்றவர் திசை தெரியாமல் பின்னால் நகர்ந்துவிட்டார் என்று முடிவு எழுதினார்கள். என் தோளில் சாய்ந்து இமோஜன் அழுதாள். முன்னிருக்கையில் நீங்கள்தான் போக வேண்டும், பின்னிருக்கை காலியாக இருக்கட்டும் என்றாள். முட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டு போனேன். பதினான்கு நாளும் ஊருக்கு ஊர் ஜனங்கள் நின்று கைதட்டினார்கள். அத்தனை பேரும் பார்த்தது அந்தக் காலி இருக்கையைத்தான். எனக்குக் கொடுத்த சட்டையின் முதுகில் 'எம்லினுக்காக' என்று போட்டிருந்தது. டோரீன் பெயரைச் சொன்னபடி வேன் கதவில் எழுதியிருந்தார்கள், மூன்றாம் நாள் மழையில் அது கரைந்துவிட்டது.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். இரண்டு வருடம் பொறுத்திருந்தேன். போன வாரம்தான் இந்தக் கையேடு தபாலில் வந்தது. கண் தெரியாதவர்களோடு இரட்டைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நாடு முழுக்க அனுப்புகிறார்கள். ஒன்பதாம் பக்கம், நம் டெர்பிஷரில் நடந்ததைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள், படியுங்கள்: 'டெர்பிஷர் விபத்து தரும் பாடம். பின்னிருக்கைக்காரர், முன்னால் இருப்பவரின் சொல்லுக்குக் காத்திராமல் தாமாக நகர்ந்ததே காரணம். போதிய பயிற்சி இருந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம்.'

போதிய பயிற்சி இல்லையாம். எட்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள். இதை எழுதியவர் ஒரு நாள் அந்த மேட்டில் வந்து நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அச்சடித்தவர்களுக்குக் கடிதம் எழுதினேன், உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று பதில் போட்டார்கள். அதனால்தான் இங்கே வந்தேன். நீங்கள் எழுதும் வாக்குமூலத்தில் வந்துவிட்டால் அவர்கள் திருத்தித்தானே ஆக வேண்டும்?

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, மெதுவாக எழுதுங்கள், அவசரமில்லை. கொலை என்று போட வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவன் தானாக நகர்ந்தான் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். நான் இரண்டு அடி என்றேன், அவன் இரண்டு அடி வைத்தான். ஒரு பிழையும் செய்யவில்லை, நாங்கள் இருவருமே.