வாட்டாத போல்ட்

என் மாப்பிள்ளையிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஐயா. குறையே இல்லாத உலோகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை அப்படி வாய்த்துவிட்டார்.

முலாம் பூசுவது என் தொழில். நான் பூசிய தகட்டில் முகம் பார்த்துச் சம்பந்தி தலை வாரிக்கொண்டது உண்டு. அவருக்குத் தலையில் முடி கிடையாது என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளை தொங்குமேடையில் நின்று உயரமான கட்டடங்களின் கண்ணாடிகளைத் துடைப்பவர். வெளிநாட்டில் வேலை கிடைத்து, மகளையும் கூட்டிப்போக ஏற்பாடாகியிருந்தது. என் மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்பது மகள் வந்தால்தான். இருந்தாலும் சிரித்த முகமாகத்தான் சரி என்றேன்.

கிளம்பும்வரை அவர் வேலையை விடவில்லை. ஒருநாள் மேடையைத் தாங்கும் போல்ட்டோடு வந்தார்.

“துரு ஏறுது மாமா. வெளிய குடுக்க மனசு வரல. உங்க கைபட்டா நிம்மதியா ஏறுவேன்.”

“வெச்சிட்டுப் போங்க மாப்ளே.”

கலப்பு எஃகு பார்வைக்கு ஒரே பாளம். உள்ளே கண்ணுக்குத் தெரியாத மணிகள் நெருக்கியடித்து நிற்கும். நடுவே சின்னச் சின்னக் கோணல்கள், சந்துகள். அதன் வலுவே அந்தக் கோணல்களில்தான். பூச்சுத் தொட்டியில் கிடக்கும்போது ஹைட்ரஜன் அங்கே புகுந்து உட்கார்ந்துகொள்ளும். உடனே அடுப்பில் வைத்து வாட்டினால் வெளியேறிவிடும். வாட்டாவிட்டாலும் எஃகு அன்றைக்கு ஒன்றும் சொல்லாது. பாரம் தாங்கும், சோதனையில் தேறும். பிறகு ஒருநாள் பட்டென்று விட்டுவிடும்.

நான் வாட்டவில்லை. செய்தேன் என்று சொல்ல ஒன்றுமில்லை. செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். கால் ஒடியும், பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்தேன். எத்தனையாவது மாடி என்று கேட்கத் தோன்றவில்லை.

உடைந்த போல்ட்டைக் கொண்டுவந்து காட்டினார்கள். துளித் துரு இல்லை. மகள் அதைத் தடவிப் பார்த்தாள்.

“அவருக்காக எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பூசியிருக்கீங்கப்பா” என்று என் தோளில் சாய்ந்து அழுதாள்.

இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. வந்துவிடும்.

போல்ட் உடைந்த இடத்தை உருப்பெருக்கியில் வைத்து, மணி மணியாகப் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்தீர்களே, நல்ல வேலை. நான் எதையும் மறுக்கவில்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள், ஐயா. என்னையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால், அந்தப் பெண்ணுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?