ஏழு மணி நடுநிலை

இல்ல வடிவேலு, டிவியில கொறை ஒண்ணும் இல்ல. படம் சுத்தமாத்தான் தெரியுது. நீ ஏறி கேபிள் வயர கழட்டி வுட்டுடு. ஏழு மணிக்குள்ள.

வேற ஆளுகிட்ட போறேனா? இந்த கருவடிக்குப்பத்துல உன்ன வுட்டா எவன் இருக்கான்? மெதுவா பேசுப்பா. உள்ள என் பொண்டாட்டி மணியம்மா கொழம்பு வெச்சிகினு இருக்கா. அவ கேட்டா மரக்கெள வுழுந்து வயரு அறுந்துடுச்சின்னு சொல்லணும், சரியா?

எதுக்கா? ஒரு ஆளாலதான். ஏழு மணிக்கு நம்ம லோக்கல் சேனல்ல ஊரு அரசியல அலசுறாரே, கமலக்கண்ணன். நீயும் பாக்குறியா? பெரிய மார்க்கெட்டு டீ கடையில போயி கேளு, அவர வெச்சி ஊரே ரெண்டா நிக்குது. ஆளுங்கட்சிக்காரன், அவரு எதிர்க்கட்சிகிட்ட கவர் வாங்குறாருங்கிறான். எதிர்க்கட்சிக்காரன், மந்திரி ஊட்டு நாஷ்டா துன்னுட்டுதான் பேச வர்றாருங்கிறான். ரெண்டு பேருகிட்டயும் நான் ஒருத்தன்தான் மல்லுக்கு நிப்பேன். ரெண்டு பக்கமும் திட்டுறான்னா அந்தாளு நடுவுல நிக்கிறாருன்னுதானப்பா அர்த்தம்னு கேப்பேன்.

மில்லுல என்கூட வேலை பாத்த கோவிந்தசாமிதான் சொன்னான். உன் பிரச்சினை வரும்போது பாரு, அவன் எந்தப் பக்கம்னு தெரியும்னான். அந்த ஒரு வார்த்தைக்கு அவன்கிட்ட பேச்ச நிறுத்திட்டேன். அவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட போவல. என்னா மடத்தனம் பாரு.

இங்க வாசல்ல ஒரு யூனியன் கொடி கட்டியிருந்தேன். அதையும் அவுத்துட்டேன், அவரு பேரு கெடக்கூடாதுன்னு. என் கொடிக்கும் அவருக்கும் என்னா சம்பந்தமா? சொல்றேன். மொதல்ல ஏணிய நல்லா போடு, ஆடுது.

மூடுன மில்ல தொறக்கச் சொல்லி கேட்டுக்கு முன்னால பந்தல் போட்டு உண்ணாவிரதம் இருந்தோமில்ல? தண்ணியத் தவிர ஒண்ணும் உள்ள போவல. நேத்து மத்தியானம் அவரு சேனல்லருந்து கேமரா வந்துச்சி. கமலக்கண்ணன் சேனல்பா, உள்ளத உள்ளபடி சொல்லுவாருன்னு நாந்தான் எல்லாரையும் வரிசையா ஒக்கார வெச்சேன். தலைய வாரிக்கச் சொன்னேன். மாப்ள ஊட்டுக்காரங்க வந்த மாதிரி எனக்கு ஒரு சந்தோசம்.

ஏழு மணிக்கு எதிர்த்த கடை டிவிய பந்தல் பக்கமா திருப்பி வெச்சி பாத்தோம். ஒவ்வொரு மூஞ்சியா வருது. பின்னால அவரு கொரல். இவங்கள்லாம் மில்லு தொழிலாளியே இல்லியாம். எவனோ பிரியாணி பொட்டலம் குடுத்து வேன்ல ஏத்திகினு வந்த கூலிக் கூட்டமாம். அதச் சொல்லும்போது யாரு மூஞ்சி நிக்கிது தெரியுமா? என் மூஞ்சி. டிவி முழுக்க.

கோவிந்தசாமி சிரிப்பான்னு பாத்தேன். சிரிக்கல. பக்கத்துல வந்து ஒக்காந்து, கீழ வுழுந்த என் துண்ட எடுத்து தோள்ல போட்டான். அப்பத்தான் மயக்கம் வந்துச்சி. ஊட்டுக்குப் போன்னு அனுப்பி வெச்சிட்டாங்க.

யாரோ எழுதிக் குடுத்தத படிச்சிருப்பாரா? நானும் அப்படித்தான் மனச தேத்திப் பாத்தேன். காலையில போன் போட்டேன். படத்த பாத்துட்டுதான் பேசினேன், சேனல் மொதலாளி சொன்னாரு, நீங்க எதுக்கு அங்க போயி ஒக்காந்தீங்கன்னு என்னையே கேக்குறாரு.

அவரு நம்பர் எனக்கு எப்படி கெடச்சிதா?

நேத்து இந்தப் பக்கம் கரண்டு இல்ல, மணியம்மா பாக்கல. இன்னிக்கி ஏழு மணிக்கு அதையே திரும்பப் போடுறாங்க. தெனம் அது முடிஞ்சதும் அவ என்னா பண்ணுவா தெரியுமா? உப்பு மொளகா எடுத்தாந்து டிவி பொட்டிக்கு சுத்திப் போடுவா. ஊரு கண்ணு பட்டுடுமாம்.

கமலக்கண்ணன்ங்கிறது சேனலுக்காக வெச்சிகினது. அம்மாவாசையில பொறந்தான், நாங்க வெச்ச பேரு அம்மாவாசை. கடலூர்ல மாமியா ஊட்டுல வளந்தவன், இங்க கோவிந்தசாமிக்கு மட்டுந்தான் அவன் யாருன்னு தெரியும். அப்பன் யூனியன்காரன்னு தெரிஞ்சா என் நடுநிலைய எவனும் நம்ப மாட்டான், என்ன உங்க புள்ளன்னு வெளிய சொல்லாதீங்கன்னான். சரின்னுட்டேன். டீ கடையில அவனுக்காக அத்தன சண்ட போட்டேனே, ஒரு தடவ வாய் தவறிக்கூட சொல்லல.

அவனும் சொல்லலப்பா. ஊரே பாக்க என் மூஞ்சிய காட்டிகினு, கூலிக்கு வந்தவன்னுட்டான்.