புல எண் 114/2: இரு கட்சியும் சேர்ந்து சொன்ன அளவு

பெயர் வைரக்கண்ணு, வயது 57, த/பெ அரசப்பன், மருதஞ்சேரி தெற்குத் தெரு. எட்டாம் வகுப்பு வரை படித்தவன். வட்ட அலுவலக நில அளவைப் பிரிவில் முப்பத்தொரு வருடமாகச் செயின்மேன். டெல்டாவில் என் அளவுக்கு டேப் பிடிக்க ஆள் கிடையாது.

நில அளவர் கமருன்னிஸா மேடம் வேலையில் சேர்ந்த அன்றே என்னிடம், "அண்ணே, எனக்கு ஏ.டி.ஹெச்.டி., அதான் கவனக் கோளாறு, இருக்கு. நாலு வேலைய ஒண்ணா சொன்னா மூணு நழுவிடும். ஒண்ணொண்ணா சொல்லுங்க. நான் படிக்கிற அளவ நீங்க திருப்பிச் சொல்லுங்க, அப்பதான் எழுதுவேன்" என்றார். அதன் பிறகு மேடத்தின் மேசையைக் கூட்டம் நிற்கும் ஜன்னலிலிருந்து பின்னறைக்கு மாற்றினோம். ஒரு சீட்டுக்கு ஒரு வேலை என்று எழுதிக் கொடுத்தோம். வயலில் மேடத்தின் போன் என் சட்டைப்பையில் இருக்கும். இவ்வளவும் என் யோசனை. விசாரணை அதிகாரி மீண்டும் கேட்டதன் பேரில், மேடம் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்கிறேன்.

கடந்த 12.02.2024 காலை பத்து மணிக்கு, நில உச்சவரம்புச் சட்டத்தில் பொன்னுத்தாய் குடும்பத்துக்குப் பட்டா கொடுத்த மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நஞ்சையை அளக்கப் போனோம். பக்கத்து வயல்காரர் இராஜாங்கத்தோடு பதினோரு வருட வரப்புத் தகராறு. ஐந்நூறு பேர் கூடினார்கள். மீண்டும் கேட்டதன் பேரில், நாற்பது பேர்.

மேடம் அளவைப் படிக்க, நான் திருப்பிச் சொன்னேன். இராஜாங்கம், "என்ன மேடம், ஒண்ணாங்கிளாஸ் வாய்ப்பாடா?" என்றார். பொன்னுத்தாய், "நானும் சொல்றேன், எங் காதுலயும் விழட்டும்" என்று கூடவே சொன்னார். அந்த அம்மா மாற்றிச் சொல்லிவிடுமோ என்று இராஜாங்கம் அதைவிட உரக்கச் சொன்னார். அதன் பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும். மூன்றாம் கல்லுக்கு வந்தபோது, முகம் பார்த்துப் பேசாத இரண்டு கட்சியும் "இருபத்தெட்டு புள்ளி நாலு" என்று ஒரே வாயாகச் சொல்ல, வாய்க்காலில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். மேடம் மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டு போனார்.

கடைசி அளவு இராஜாங்கத்தின் வரப்பைத் தாண்டி அவர் வயலுக்குள் எட்டடி தள்ளி விழுந்தது. அங்கே வெட்டியதில் ஒரு முழ ஆழத்தில், கோரை வேர் சுற்றிப்போய், பழைய எல்லைக் கல் இருந்தது. பொன்னுத்தாய் உட்கார்ந்து முந்தானையால் அதன் மண்ணைத் துடைத்தார்.

மறுநாள் இராஜாங்கம், கவனக் கோளாறு உள்ளவர் அளந்தது செல்லாது, கல்லைப் புதைத்ததும் அவரே, வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். மேடம் ஒரு அளவையும் தனியாக எழுதவில்லை. நாற்பது வாய் சொன்ன பிறகே எழுதினார். கடைசி அளவு இருபத்தொன்பது புள்ளி ஆறு. மேடம் படித்ததும் அதை முதலில் திருப்பிச் சொன்னவர் மனுதாரர் இராஜாங்கம். அவர் சொல்லக் கேட்டுத்தான் நாங்கள் எல்லாரும் சொன்னோம்.

கூட்டிச் சொன்ன இடங்களைத் திருத்திவிட்டேன், மற்றதெல்லாம் நடந்தபடியே. படித்துக் காட்டக் கேட்டு, சரியென்று ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்) அ. வைரக்கண்ணு