பொட்டு வெச்ச சார்ஜர்

கன்னு போடறதுக்கு முன்னாடி கயிறு திரிக்காதேன்னு எங்க பெரியப்பா ஒண்ணு சொல்வாரு சார். அதுக்கப்புறம் இன்னொரு பாதி உண்டு. நாக்கு நுனி வரைக்கும் வருது, மேல வர மாட்டேங்குது. காரே இல்லாதவனுக்கு சார்ஜர் எதுக்குன்னு இப்ப கேட்டீங்களே, கேட்டவுடனே அவருதான் ஞாபகம் வந்தாரு. உக்காருங்க, உக்காருங்க. நின்னுகிட்டே சண்டை போட்டா எனக்கு முட்டி வலிக்கும், உங்களுக்கு பிரஷர் ஏறும். காபி வருது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாளைக்கு அசோசியேஷன் மீட்டிங். என்ன தீர்மானம்? குமரவேலோட, அதாவது என்னோட பார்க்கிங் காலியாவே கிடக்குது, அதை ஜெபகுமார் சாரோட ரெண்டாவது காருக்கு விடணும், சுவத்துல மாட்டியிருக்கற சார்ஜரைக் கழட்டணும். இவ்வளவுதானே? செக்ரட்டரியா வரலை, மேல் வீட்டுக்காரனா காதுல போட்டுட்டுப் போலாம்னு வந்தேங்கறீங்க. நல்ல மனசு சார் உங்களுக்கு. சத்யநாராயணன்னு பேரு வெச்சவங்க சரியாத்தான் வெச்சிருக்காங்க. ஆனா கழட்ட மாட்டேன்.

இல்ல சார், கோவம்லாம் இல்ல. இந்த பில்டிங் நிக்கற இடமே எங்க அப்பாவும் பெரியப்பாவும் வேர்க்கடலை போட்டுகிட்டு இருந்த நிலம்னு சொல்லி சண்டை போடற ஆளு நான் கிடையாது. சொல்ல மாட்டேன். பாருங்க, சொல்லிட்டேன்.

பத்திக்கும்னு பயமா? இன்னும் வராத கார் எப்படி சார் பத்திக்கும்? நம்ம பில்டிங்ல இதுவரைக்கும் பத்திகிட்டது ரெண்டே ரெண்டு. ஒண்ணு உங்க ஜெனரேட்டர், அது டீசல். இன்னொண்ணு போன மீட்டிங்ல ஜெபகுமாரும் மூணாவது மாடி மேடமும். அந்த ரெண்டுக்கும் ஒரு தீர்மானமும் போடலையே நீங்க. எனக்குத் தனி மீட்டர், தனி வயரு, ஈ.பி.லயே வந்து பார்த்துட்டு சரின்னுட்டுப் போனாங்க.

மழைத்தண்ணியா? அதான் கேப்பீங்கன்னு தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடி டிசம்பர்ல தண்ணி எது வரைக்கும் நின்னுச்சுன்னு தூண்ல கறை இருக்கு பாருங்க, இன்னும் போகலை. அதுக்கு மேல ஒரு முழம் விட்டு மாட்டியிருக்கேன். எலக்ட்ரீஷியன் சிரிக்கிறாரு, சார் இதுக்கு ஸ்டூல் போட்டு ஏறித்தான் வண்டிக்கு சார்ஜ் போடணும்ங்கறாரு. போட்டுக்கறேன்யா, உனக்கென்னன்னேன்.

அந்தத் தண்ணிலதான் சார் நானே வந்தேன். உங்களுக்குத் தெரியும். ஊரப்பாக்கம் முழுக்க கரன்ட் இல்ல, டவர் இல்ல. நான் வெளிநாட்டுல, எங்க வீட்டு சமையலறைல நின்னுகிட்டு அம்மா நம்பரை அடிச்சுகிட்டே இருக்கேன். அணைக்கப்பட்டுள்ளது, அணைக்கப்பட்டுள்ளதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிகிட்டே இருக்கு. கீழ அப்பாவோட பழைய கார் முங்கிப்போச்சு. மேல அம்மா இருட்டுல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போச்சு. நீங்களும் வாட்ச்மேனும்தான் நாற்காலில வெச்சுத் தூக்கிட்டுப் போனீங்க. அதை மறக்கலை சார். அதனாலதான் உங்களுக்குக் காபி. ஜெபகுமார் வந்திருந்தா வாசல்லயே பேசி அனுப்பியிருப்பேன்.

மிருதுளாகிட்ட ஆறு மாசம்னு சொல்லிட்டு வந்தேன். ஆங், என் வொய்ஃப்தான். பொண்ணு தமிழினி அங்க காலேஜ்ல இருக்கா, அதனால அவங்க ரெண்டு பேரும் அங்க. ஆறு மாசம் ஒரு வருஷமாச்சு, ஒரு வருஷம் ரெண்டாச்சு. வேலையை இங்க மாத்திகிட்டேன். காட்டாங்குளத்தூர் காலேஜ்ல வாரத்துக்கு ரெண்டு நாள் பேட்டரி பத்திப் பாடம் எடுக்கறேன். வண்டி இல்லாத பேட்டரி வாத்தியார். ஸ்டூடண்ட்ஸ் பட்டப்பேரு வெச்சிருப்பாங்க, கேட்டுக்கலை.

இல்ல சார், ஏன் வாங்கலைன்னு எல்லாரும் கேக்கறாங்க. என்னவோ நான் கடைக்குப் போய் பார்த்துட்டு பார்த்துட்டு திரும்பி வர்ற மாதிரி. நடந்ததைச் சொல்றேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. நான் பார்த்து வெச்ச எலக்ட்ரிக் காருக்கு இந்த வருஷ ஆரம்பத்துல புக்கிங் திறந்தாங்க. வெள்ளிக்கிழமை பத்தரை மணி. ஆன்லைன்ல மட்டும்தான். கார்டு, லேப்டாப் எல்லாம் ரெடி. சார்ஜரை முந்தின வாரமே மாட்டியாச்சு. அம்மா வாக்கரைத் தட்டிகிட்டு வந்து நிக்கறாங்க. இன்னாடா பண்ற, ராகுகாலம் கீதுடா, பன்னெண்டு ஆவட்டும்னாங்க. வெள்ளிக்கிழமை பத்தரையிலேர்ந்து பன்னெண்டு! எந்த ஊரு கம்பெனிக்காரன் சார் அந்த நேரத்துல கடை திறப்பான்?

சிரிங்க, சிரிங்க. பேட்டரில எம்.எஸ். படிச்சவன், லேப்டாப் முன்னாடி கையைக் கட்டிகிட்டு ராகுகாலம் முடியறதுக்கு உக்காந்திருந்தேன். அம்மா பக்கத்துலயே நாற்காலி போட்டுக் காவல். பன்னெண்டு அடிச்சுது. கிளிக் பண்ணினேன். முதல் பேட்ச் முடிஞ்சுது, ஆர்வத்துக்கு நன்றின்னு வந்துச்சு. அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? பார்த்தியா, ராகுகாலத்துல தொறந்தான், ஒரு மணி நேரத்துல மூடிகினு பூட்டான், விளங்குமா அவன் கடைன்னாங்க. தோத்தது நான், விளங்காதது அவன்!

அப்புறம் சித்திரைல மறுபடியும் திறக்கறோம்னாங்க. அதுக்குள்ள சீனாவிலேர்ந்து மோட்டாருக்கு வர்ற காந்தம் வரலை, உற்பத்தியைக் குறைச்சுட்டோம்னு மெயில். அப்புறம் ஆடி. ஆடில வாங்கக்கூடாது, விடுங்க. ஆவணில ஷோரூமுக்கு போன் பண்ணினா, சார் பெரிய பேட்டரி மாடல் வருது, இப்ப வாங்கிட்டு அப்புறம் வருத்தப்படாதீங்கங்கறாங்க. எப்பய்யா வரும்னா, வரும் சார்ங்கறாங்க. இதுல டாக்ஸ் வேற. நம்ம ஊர்ல எலக்ட்ரிக் வண்டிக்கு ரோட் டாக்ஸ் விலக்கு இருக்கே, அது இந்த வருஷத்தோட முடியுதுன்னு ஒருத்தர், இல்ல நீட்டிப்பாங்கன்னு ஒருத்தர். ஜி.எஸ்.டி. ரோட்ல இருக்கற ஒவ்வொரு டீக்கடையிலயும் ஒரு நிதியமைச்சர் இருக்காரு. புக் பண்ணினாலும் வண்டி எப்ப கைக்கு வரும்னு தெரியாது, வர்றப்ப டாக்ஸ் இருக்குமா இருக்காதான்னு தெரியாது. அப்ப காத்திருக்கறதுதானே புத்தி? நீங்க பேங்க்ல இருந்தவர், சொல்லுங்க.

ஆமா, ஆட்டோதான். அம்மாவை தாம்பரத்துக்குப் பிசியோவுக்குக் கூட்டிட்டுப் போறதும் ஆட்டோதான். ஒவ்வொரு தடவையும் ஏத்தி இறக்கறப்ப அவங்க பல்லைக் கடிச்சுக்கறது எனக்குக் கேக்கும். அதையும் நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் கத்திட்டேன்.

இருங்க. அம்மா! யம்மா! பெரியப்பா சொல்வாரே, கன்னு போடறதுக்கு முன்னாடி கயிறு திரிக்காதேன்னு, அதுக்கு அப்புறம் என்ன? ... என்னது? ... கேட்டுதா சார்? திரிச்சிட்டா வெக்கப்படாதே, அதானாம். கன்னு போடறதுக்கு முன்னாடி கயிறு திரிக்காதே, திரிச்சிட்டா வெக்கப்படாதே. பெரியப்பா சொன்னாரா, இப்ப இவங்களே உள்ளேர்ந்து செஞ்சு அனுப்பினாங்களான்னு சத்தியமா தெரியலை. சுப்பராயலு பெரியப்பாவுக்கு அவ்வளவு நல்ல வார்த்தைலாம் வராதே. ஆனா நாளைக்கு மீட்டிங்ல இதைத்தான் சொல்லப் போறேன். நோட்ல ஏத்திக்குங்க.

ஆயுத பூஜை அன்னிக்கா? ஆமா, எல்லாரும் சிரிச்சீங்க. எனக்கும் தெரியும். எல்லாரும் அவங்கவங்க காரைக் கழுவி, பூ போட்டு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சுகிட்டு இருக்கீங்க. எங்கம்மா மருமக வாங்கித் தந்த பட்டுப்புடவையைக் கட்டிகிட்டு வாக்கரோட லிஃப்ட்ல இறங்கி வராங்க. ஸ்டூல் போட்டு என்னை ஏத்தி, சார்ஜருக்குச் சந்தனம் பூசி குங்குமம் வெக்க வெச்சாங்க. காலி தரையில ரெண்டு எலுமிச்சம்பழம். மாமி, வண்டி எங்க மாமின்னு ஜெபகுமார் கேட்டாரே, நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. அம்மா சொன்னாங்களே, வர வண்டிக்கு வழி காட்டறேன்யா, ஓரமா போன்னு. நான் கூட சிரிச்சேன்.

அப்புறம் அம்மா, இத்த போட்டோ புடிச்சு மிருதுளாவுக்கு அனுப்புடான்னாங்க.

இல்ல சார், அது வேற கதை. விடுங்க. ... விடுங்கன்னா விட மாட்டீங்களா? பேங்க் மேனேஜர் புத்தி.

அங்கயும் இதே கூத்துதான் சார். எலக்ட்ரிக் கார் வாங்கினா டாக்ஸ்ல கழிச்சுகிட்டு இருந்தாங்க, செப்டம்பர் கடைசியோட முடிச்சுட்டாங்க. மிருதுளா அந்தக் கோடை முழுக்கக் கேட்டுகிட்டே இருந்தா. நான் இங்க வாங்கட்டுமா, நீ அங்க வாங்கறியான்னு. எங்களுக்குள்ள ஒரு பேச்சு உண்டு. சத்தம் போட்டுப் பேசினது இல்ல, ஆனா உண்டு. கார் ஒண்ணுதான். எந்த ஊர்ல வாங்கறோமோ அந்த ஊர்ல குடும்பம். அவளால இங்க வர முடியாது, அவ வேலை அப்படி. அவ அம்மாவும் அங்கதான். அவ மேல தப்பே இல்ல. என்னால போக முடியாது, ஏன்னு உள்ள குரல் கேட்டுதே. அப்ப யாராவது ஒருத்தர் வாங்கணும். வாங்கினா முடிஞ்சுது.

காந்தம் வரலைன்னு மெயில் வந்துச்சுன்னு சொன்னேனே, அன்னிக்கு ராத்திரி நான் நிம்மதியா தூங்கினேன் சார். ஆடி வந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு. டாக்ஸ் என்னாகும்னு தெரியலைன்னு எவனாவது சொன்னா, அவனுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம் போல இருக்கும். அந்த ராகுகாலம்... அம்மா சொன்னாங்கதான். ஆனா நான் இத்தனை வயசுல அம்மா சொன்னதை வேற எதுல கேட்டிருக்கேன்? அவங்க பேச்சைத் தட்டி கல்யாணம் பண்ணிகிட்டவன் சார் நான்.

அன்னிக்கு, பூஜை முடிஞ்சு, குங்குமம் வெச்ச சார்ஜர் போட்டோவை அனுப்பினேன். அவ கார் போட்டோ அனுப்பினா. அங்க அப்பதான் செப்டம்பர் கடைசி நாள் ராத்திரி. நீலக் கலர். தமிழினி ஸ்டியரிங்ல உக்காந்திருக்கா. தன் பேர்ல மட்டும் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கறதா மிருதுளா எழுதியிருந்தா. கலர் நல்லா இருக்குன்னு பதில் போட்டேன். அதுக்கு மேல ரெண்டு பேரும் எதுவும் எழுதிக்கலை. இன்னி வரைக்கும் எழுதிக்கலை. போன்ல பேசறோம், மழை பெய்யுதா, குளிருதான்னு.

ஐயோ, நீங்க ஏன் சார் எழுந்திருக்கறீங்க? உக்காருங்க. காபி ஆறுது. பாவம் பார்த்துத் தீர்மானத்தை வாபஸ் வாங்கிடாதீங்க, அது எனக்கு அவமானம். படிங்க, எல்லார் முன்னாடியும் சத்தமா படிங்க. ஓட்டுக்கு விடுங்க. நான் தோத்தாலும் சரி. கழட்டறவங்களுக்கு ஸ்டூல் வேணும், அந்த ஸ்டூல் என் வீட்டுலதான் இருக்கு.

எப்ப மறுபடியும் புக்கிங்கா? திறந்துட்டாங்க சார். நேத்து. அவனுங்களுக்கு வேற நாளே கெடைக்காது போல, அதே வெள்ளிக்கிழமை, அதே பத்தரை. அம்மா இதோ இந்த நாற்காலிலதான் உக்காந்திருந்தாங்க, காலண்டருக்கு நேர் கீழ. கடியாரத்தைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. வாக்கரைப் பிடிச்சுகிட்டு எழுந்து உள்ள போய்க் கதவைச் சாத்திகிட்டாங்க.

ராகுகாலத்துலயே புக் பண்ணிட்டேன்.